ராகு காலத்தில் செருகிய கேபிள்

கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும், என் பிரிவு உபசார விழாவில் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "மேடம், நீங்க பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் எது?" சர்வர் எரிந்த கதையையோ, வெள்ளத்தில் மிதந்த கம்ப்யூட்டர்களின் கதையையோ எதிர்பார்த்திருப்பீர்கள். அவை எல்லாம் கஷ்டமே இல்லை. எரிந்தால் எரிந்தது, நனைந்தால் நனைந்தது. அவற்றில் யோசிக்க என்ன இருக்கிறது? என்னை ஐந்து நாள் ஆட்டிவைத்தது ஒரு ஸ்கேனர். எரியவில்லை, நனையவில்லை, ஒரு கீறல்கூடக் கிடையாது. அன்று மைக்கில் பேசத் தோன்றவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். டீ குடிக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு யூஎஸ்பி மேல் மரியாதை கிடையாது. எதை எதில் செருகினாலும் இன்று அதுவாகவே புரிந்துகொள்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், முதுகில் இரண்டு சின்ன ஓட்டைகளோடு கம்ப்யூட்டர்கள் வரத் தொடங்கியபோது, வண்ணார்பேட்டையில் இருந்த எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் அவை எதற்கென்று சரியாகத் தெரியாது. உள்ளே காற்று போவதற்கு என்று எங்கள் சேல்ஸ்மேன் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்து யூஎஸ்பி சாமான்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் சிடியைப் போட்டு டிரைவரை ஏற்ற வேண்டும். டிரைவர் என்பது புதுச் சாமானைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்கும் மென்பொருள். அது ஏறிய பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் போடவில்லை. முந்திச் செருகினால், யாரோ வந்திருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எத்தனை தடவை டிரைவரை ஏற்றினாலும் எழுதியதை மாற்றாது. என் மாமியாருக்குக்கூட அவ்வளவு பிடிவாதம் இல்லை. இந்த இரண்டாம் பாதியைத்தான் நான் திசையன்விளையில் கற்றுக்கொண்டேன்.

திசையன்விளை பஜாரில் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஜெராக்ஸ், டைப்பிங், எஸ்டிடி போன் எல்லாம் சேர்த்து ஒரு கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. புதுக் கம்ப்யூட்டர், இன்டர்நெட், கலர் ஸ்கேனர் மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்கினார். சுற்றுவட்டாரத்தில் முதல் ஆள் அவர்தான். வியாழக்கிழமை எங்கள் வேனில் சாமான் போய் இறங்கியது. இறக்கி வைத்த ஆள் கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டுக் காட்டிவிட்டு, மீதியை நாளை இன்ஜினியர் வந்து பார்ப்பார், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்த இன்ஜினியர் நான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"இன்ஜினியர் வரலியா தாயி?"

"நாந்தான் அண்ணாச்சி."

"அப்படியா, சரி சரி, வாங்க, உக்காருங்க" என்றவர் உள்ளே பார்த்து, "ஏளா, காப்பி போடு, ஒரு பொம்பளப் புள்ளய அனுப்பிருக்காவ" என்று குரல் கொடுத்தார். கெட்ட மனசில் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. இனி இந்த மனிதரிடம் எதையும் கேட்கக் கூடாது, தெரிந்தவளாகவே இருந்து காட்ட வேண்டும் என்ற வீம்பு. பிள்ளைகளே, அந்த ஐந்து நாளில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். டிரைவர் எல்லாம் அப்புறம்.

டிரைவர் சிடியைப் போட்டேன், ஏறியது. கேபிளைச் செருகினேன். ஸ்கேனரே இல்லை என்றது கம்ப்யூட்டர். கண்ணுக்கு முன்னால் மேஜையில் முழ அகலத்துக்கு உட்கார்ந்திருக்கிறது, அதற்குத் தெரியவில்லையாம். சாமான்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஓரிடத்தில் மஞ்சளாக ஒரு கேள்விக்குறி. எனக்குப் பதில் தெரியாததால் மூடிவிட்டேன்.

"அண்ணாச்சி, யாராவது இதத் தொட்டியளா?" என்றேன் போலீஸ்காரி மாதிரி.

"யாரு தொடுவா? தொடாதியன்னு உங்க ஆளு சொல்லிட்டுல்லா போனான். ஒரு ஈ காக்கா கிட்டப் போகல."

கேபிள் பழுது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். திங்கட்கிழமை புதுக் கேபிளும், அதே மாடலில் வேறொரு ஸ்கேனருமாகப் போனேன். அதையும் இல்லை என்றுவிட்டது. அன்றைக்குத்தான் கடை பெஞ்சில் மரியதாஸ் உட்கார்ந்திருந்தார்.

அவர் கடற்கரை ஊர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடுத்த கப்பல் கிடைக்கவில்லை. கட்டத் தொடங்கிய வீடு ஜன்னல் உயரத்தோடு நிற்கிறது, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். சனிக்கிழமை பம்பாய் ஏஜென்ட் போன் செய்திருக்கிறார். ஒரு கப்பலில் இடம் இருக்கிறது. கப்பல் வேலைப் புத்தகத்தின் பக்கங்களும் புதுப் போட்டோவும் கலரில், ஈமெயிலில், செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஃபேக்ஸ் அனுப்பிப் பார்த்திருக்கிறார். போட்டோ கரிச்சட்டி மாதிரி விழுந்திருக்கிறது, ஏஜென்ட் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வாங்க. மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தப்போறேன். கட்டாயம் ஓடும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே கடையில் இருந்தேன். மரியதாஸ் எனக்கு முன்னால் வந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, பிளாஸ்டிக் கவரில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கம்ப்யூட்டரை முழுசாக அழித்தேன். அதில் அழிவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. திரையில் அண்ணாச்சி வைத்திருந்த முருகன் படம் ஒன்றுதான் இருந்தது.

பதினொன்றேகாலுக்கு விண்டோஸ் ஏறி முடிந்தது. திரை பளிச்சென்று வெறுமையாக வந்தது. அடுத்து டிரைவர் சிடியைப் போட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து மதினி, அதாவது அண்ணாச்சி மனைவி, பின்கட்டிலிருந்து கூப்பிட்டார்.

"தாயி, வந்து ஒரு வா காப்பி குடிச்சுட்டுப் போங்க. காலையில இருந்து வயித்துல ஒண்ணுமில்லாம இருக்கிய."

நம் பக்கத்தில் ஒரு வா காப்பி என்றால் நாலு இட்லி என்று உங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் மனசு சங்கடப்படுவார். உள்ளே போய் உட்கார்ந்தேன். மரியதாஸ் எதிர்க்கடைக்கு வெற்றிலை வாங்கப் போனார். மூன்றாவது இட்லி சாப்பிடும்போது கடைப்பக்கம் மணிச் சத்தம் கேட்டது. ஐஸ் வண்டிக்காரர் போலிருக்கிறது, இந்த வெயிலுக்கு நல்ல வியாபாரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

திரும்பி வந்து சிடியைப் போட்டு, டிரைவரை ஏற்றி, கேபிளைச் செருகினேன். ஸ்கேனர் இல்லை.

முழுசாக அழித்து ஏற்றிய கம்ப்யூட்டர். ஒருவர் விரல்கூடப் படாதது. அப்படியும் இல்லை என்கிறதே. ஆபீஸுக்குப் போன் போட்டேன். பேசிய சீனியர், "மதர்போர்டே போயிருக்கும். பெட்டியத் தூக்கிட்டு வந்துரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவருக்கு எது வந்தாலும் மதர்போர்டுதான்.

மரியதாஸ் எழுந்தார். "மேடம், பன்னெண்டேகாலுக்கு நாங்குநேரி வழியா ஒரு பஸ் இருக்கு. வண்ணார்பேட்டைல உங்க ஆபீஸ்ல ஸ்கேனர் ஓடுதுல்லா? நான் அங்கன போயி அனுப்பிக்கிடட்டா?"

அது சரியான யோசனை. ரெண்டரைக்குப் போய் இறங்கியிருப்பார், நாலு மணிக்குள் நிம்மதியாக வேலை முடிந்திருக்கும். ஆனால் என் வாடிக்கையாளர் என் கண்முன்னால் எழுந்து வேறு இடத்துக்குப் போவதா? "உக்காருங்க. அரை மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்" என்றேன். எப்படி முடிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த மனிதர் என்னை நம்பி உட்கார்ந்தார். பஸ் கடை வாசலைத் தாண்டித்தான் போனது. அதன் ஹாரன் சத்தம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான். தெரியாது என்று சொல்வதில் ஒரு கேவலமும் இல்லை. தெரியாமல் அடுத்தவரின் பஸ்ஸை நிறுத்தி வைப்பதுதான் கேவலம்.

அரை மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று. வேறு கேபிள், வேறு பிளக் பாயிண்ட், ஸ்கேனரைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன். அண்ணாச்சி விசிறி எடுத்து கம்ப்யூட்டருக்கு வீசினார். இரண்டரை மணிக்கு, கடைசியாக முதல் கேபிளையே பார்க்கலாம் என்று அதன் நுனியைத் துடைத்தேன். விரல் சிவப்பாயிற்று.

"ஐயோ, கை கிழிஞ்சுட்டு போல" என்றேன்.

மதினி ஓடி வந்து என் விரலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்குப் பக்கம் கொண்டுபோனார். "ரத்தமில்ல தாயி. குங்குமம். நம்ம வீட்டுக் குங்குமந்தான், தாழம்பூ வாசம் அடிக்கி."

நாங்கள் மூன்று பேரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி?" என்றேன்.

"பூசதான் போட்டேன்."

"எப்ப?"

"நீங்க காப்பி குடிக்கப் போனியள்லா, அப்ப. செவ்வாக்கிழம வேற. பதினொண்ணே முக்காலோட கௌரி நல்ல நேரம் முடிஞ்சிருது. பெட்டியப் பாத்தா முருகனையும் அழிச்சுட்டிய. சாமி இல்லாத பெட்டில எப்படித் தாயி தொழில் தொடங்க?"

ஐஸ் வண்டி மணி எதுவென்று அப்போது புரிந்தது. "பூசைன்னா, கேபிளச் சொருகினியளா?"

"சொருகாம? தாலியக் கைல வச்சுக்கிட்டு மந்திரத்த மட்டும் சொன்னா கல்யாணம் ஆயிருமா? சொருகுனேன், என்னமோ கேட்டுச்சு, கேன்சல் கொடுத்தேன். மறுபடி கேட்டுச்சு, மறுபடி கேன்சல் கொடுத்தேன். சூடம் காட்டிட்டு, பைய உருவி, இருந்தபடியே சுருட்டி வச்சுட்டேன்."

"அப்ப போன வியாழக்கிழம?"

"அன்னைக்கும் போட்டேன். சாமான் வந்த நாளுல்லா."

"நான் நேத்து கொண்டு வந்த ஸ்கேனருக்கு?"

"நீங்கதான் அதக் கைய விட்டு எறக்கவே இல்லையே. அது ஒரு கொறதான் எனக்கு."

"யாரும் தொடலன்னு சொன்னியளே அண்ணாச்சி!"

"பூச போட்டதெல்லாம் தொட்டதுல சேருமா?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஐந்து நாள், மூன்று பயணம், இரண்டு ஸ்கேனர், ஒரு கேபிள், என் மானம், எல்லாம் சூடத்தோடு போயிற்று. வாய்வரை ஒரு வார்த்தை வந்துவிட்டது. அப்போது மரியதாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்தேன். இரண்டு முப்பத்தைந்து. அவர் என்னையும் திட்டவில்லை, அண்ணாச்சியையும் திட்டவில்லை. மடியில் இருந்த கவரின் ஓரத்தை மட்டும் நீவிக்கொண்டே இருந்தார். இப்போது நான் அண்ணாச்சியை, மனைவிக்கும் வாடிக்கையாளருக்கும் முன்னால் வைத்து நாலு கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அவருக்கு ரோஷம் வரும். கடை அவருடையது. நாலு மணி வரை சண்டை நடக்கும். நான் வார்த்தையை விழுங்கினேன். கசந்தது, ஆனால் விழுங்கினேன்.

என்ன செய்ய வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. மஞ்சள் கேள்விக்குறிதான் அந்த 'யாரோ தெரியாதவர்'. அதை அழிக்க வேண்டும், ஒரு தடவை நிறுத்தி ஓடவிட வேண்டும், டிரைவரை ஏற்ற வேண்டும், இன்னொரு தடவை நிறுத்தி ஓடவிட வேண்டும், அப்புறம் கேபிள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு தடவை எழுந்திரிக்க, நாம் குளித்துவிட்டு வந்துவிடலாம். நான் வேலையைத் தொடங்கினேன். அண்ணாச்சி கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தாயி, மூணு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள சொருகிரட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஒரு நுனிய மட்டும் வச்சுக்கிடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி!"

"மணி ரெண்டு அம்பதாயிட்டு. அப்புறம் என்னைய சொல்லக்கூடாது."

கேபிளின் நுனி ஓட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இவர் செருகினால் திரும்ப முதலிலிருந்து. சொல்லிப் புரியவைக்க எனக்கு நேரம் இல்லை. டிரைவர், பதிவு, கேள்விக்குறி என்றெல்லாம் சொன்னால் அவருக்கு எதற்கு? அவருக்கு எது முந்தி எது பிந்தி என்பது நன்றாகத் தெரியும், ஆனால் வேறொரு கணக்கில் தெரியும். அந்தக் கணக்கில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணாச்சி, பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்காம வேற எந்தச் சாமிக்காவது பூச போடுவியளா?"

"அதெப்படிப் போட? மொதல்ல பிள்ளையாருக்குல்லா."

"இந்த சிடிதான் பிள்ளையார். நீங்க ரெண்டு தடவையும் பிள்ளையார விட்டுட்டுப் போட்டுட்டிய. அதான் சாமி வரமாட்டேங்குது."

அண்ணாச்சியின் முகம் மாறியது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கேபிள் இருந்த கை தானாகப் பின்னால் போயிற்று. கன்னத்தில் லேசாகப் போட்டுக்கொண்டார்கூட. "இத மொதல்லயே சொல்லப்படாதா தாயி" என்றார். எனக்கு ஒரே பெருமை. இந்த மண்டையில் இப்படியும் ஓடுகிறதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பெருமை பதினாலு நிமிஷம் இருந்தது.

டிரைவர் ஏறியது. நடுவில் விண்டோஸ் சிடியைக் கேட்டது, கொடுத்தேன். நிறுத்தி ஓடவிட்டேன். திரை கறுத்து, வெளுத்து, ஒரு வழியாக வந்து நின்றபோது மணி மூன்று நாலு. கேள்விக்குறி இல்லை. சுத்தமாக இருந்தது.

"கேபிளக் கொடுங்க அண்ணாச்சி."

அவர் கொடுக்கவில்லை. "ராகு காலம் வந்துட்டே. இனி நாலரைக்கு மேலதான்."

"நாலு மணிக்குள்ள போகணும்லா அண்ணாச்சி!"

"நாந்தான் மூணுக்குள்ள சொருகுவோம்னு சொன்னேன். நீங்க சும்மா மெஷினுன்னு விட்டிருந்தியன்னாக்கூட கண்ண மூடிட்டுக் கொடுத்திருப்பேன். பிள்ளையாரு, சாமின்னு நீங்கதான சொன்னிய? மொதல் தப்புக்கே இந்தப் பாடு. ராகு காலத்துல எப்படித் தாயி சாமி காரியம் செய்ய?"

நான் கட்டிய வேலியில் நானே மாட்டிக்கொண்டேன். பிடுங்கிச் செருகிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவர் கண்ணில் இருந்தது வீம்பு இல்லை, பயம். கடன் வாங்கித் தொடங்கிய தொழில், முதல் காரியமே கெட்டுவிடக்கூடாதே என்ற பயம். மூன்று பத்து ஆயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மரியதாஸ் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். ராகு காலம் எனக்கு உண்டுமா?"

அண்ணாச்சி யோசித்தார். "உமக்கு எப்படிவே வரும்? நீரு வேதக்காரருல்லா." கிறிஸ்தவர்களை நம் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"அப்ப நான் சொருகுனா?"

அண்ணாச்சி பஞ்சாங்கம் முழுவதையும் மனசுக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. இதற்கு அதில் விதி இல்லை போலும். பின்வாசலில் நின்ற மதினிதான் தீர்ப்புச் சொன்னார்.

"அவரு சொருகட்டும். நீங்க அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

அண்ணாச்சி கேபிளை மரியதாஸ் கையில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, தினசரிக் காலண்டரின் முன்னால் கைகட்டி நின்றார். மரியதாஸ் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தோனியாரே என்று ஒரு வார்த்தை முணுமுணுத்தார். குனிந்து செருகினார். போகவில்லை. எனக்கு உயிரே போயிற்று.

"திருப்பிப் போடுங்க" என்றேன். திருப்பிப் போட்டார். போயிற்று.

திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்தது. புதுச் சாமான் வந்திருக்கிறது என்றது. அடுத்த வரியில் ஸ்கேனரின் பெயர் முழுசாக, எழுத்துப் பிசகாமல் வந்தது. மூடிக்குள் பச்சை வெளிச்சம் எரிந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பைய நகர்ந்தது.

"முடிஞ்சா?" என்றார் அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடி.

"நீங்க திரும்பாதிய" என்றார் மதினி.

புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமாக வைத்து எடுத்தேன். போட்டோவில் மரியதாஸின் சட்டைக் காலரின் நீலக் கரைகூடத் தெரிந்தது. மோடம் கரகரவென்று கத்தி, இரண்டு தடவை அறுந்து, மூன்றாவது தடவை பிடித்தது. ஈமெயில் போய் முடிந்தபோது மூன்று அம்பத்திரண்டு. நாலு பத்துக்குக் கடை போன் அடித்தது. மரியதாஸ்தான் எடுத்தார். "ஆமா சார். ஆமா சார். சரி சார்" என்று மூன்று தடவை சொன்னார். போனை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேரு ஏறிட்டு மேடம். இருபதாம் தேதி கப்பல் ஏறணும்."

நான் மதினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வேலையில் நான் வாய்விட்டு அழுதது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு மரியதாஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "பஸ்ஸ விடச் சொன்னது என் தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாமத்தான் உங்கள உக்கார வச்சேன்" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றார் அவர். "கப்பல்ல எஞ்சின் நின்னுட்டா, புது ஆளு மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

அந்த நாளிலிருந்து, எந்தக் கடைக்குப் போனாலும் பெட்டியைத் திறக்கும் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் வாரதுக்கு முந்தி என்னென்ன நடந்துச்சு, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று கேட்பேன். யார் தொட்டது என்று கேட்டதே இல்லை. அப்படிக் கேட்டால் உலகத்தில் ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். கதை கேட்கிற மாதிரி கேட்டால் பூசை, மணி, சூடம் எல்லாம் தானாக வெளியே வரும். நீங்களும் அப்படிக் கேளுங்கள். தூரத்தில் உட்கார்ந்து திரையிலேயே பழுது பார்க்கிற இந்தக் காலத்திலும் அதைக் கேட்க முடியும்.

ஆனால் அன்றைய கதை அதோடு முடியவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணாச்சி வழியில் நின்றார்.

"எங்கன கிளம்புதிய? நாலே முக்காலுக்கு நல்ல நேரம்லா. முறையாப் போட வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே கேபிளை உருவிவிட்டார். கடைசி பஸ் வரை இங்கேதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தடுக்கவில்லை. மதினி தட்டோடு வந்தார். தேங்காய், பழம், சூடம், மணி. முதலில் சிடிக்குப் பூசை. சந்தனக் கையோடு அவர் அதை எடுத்தபோது, "அந்தப் பளபளப்புப் பக்கம் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். எழுத்து இருக்கிற பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு ஸ்கேனருக்கு, பிறகு கேபிளுக்கு. நானும் மரியதாஸும் பக்கத்தில் பக்கத்தில் கைகட்டி நின்றோம். மணி அடித்துக்கொண்டே, மூன்று தரம் சுற்றி, நாலு நாற்பத்தெட்டுக்கு அண்ணாச்சி செருகினார்.

டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதல்லவா? கண் இமைப்பதற்குள் பச்சை வெளிச்சம் எரிந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு பெட்டி வரவில்லை.

அண்ணாச்சி நிமிர்ந்து, சூடத் தட்டை என் பக்கம் நீட்டினார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

"பாத்தியளா தாயி? அஞ்சு நாளா நீங்களும்தான் படாத பாடு பட்டிய. நல்ல நேரத்துல சொருகுனா எப்படி டக்குனு எடுத்துக்கிடுது!"

மரியதாஸ் அவசரமாக இருமிக்கொண்டே வெளியே போனார். நான் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆமா அண்ணாச்சி" என்றேன். அந்த ஐந்து நாளில் அவரிடம் நான் சொன்ன சரியான பதில் அது ஒன்றுதான்.